எந்த மரக்காலால் அளந்தீர்கள்?

(இணையத்தில் வாசகரையும் விளம்பரப் பார்வையையும் அளப்பது குறித்து, கொல்லிமலை செம்மேட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. சேந்தமங்கலம் பக்கம் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தவர். ஆண்டுக்குச் சில முறை சோளக்காட்டுச் சந்தைக்கு ஏறி வந்து சாமையும் தினையும் வாங்கிப் போவார். சிறுவனாக நானும் கூட வருவேன். தானியத்தை அள்ளிப் பார்க்கும் முன்பே வியாபாரியிடம் படியைக் கேட்டு வாங்குவார். கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்த்து, அரசாங்க முத்திரை குத்திய இடத்தைக் கட்டைவிரலால் தடவுவார். விரலில் அந்தத் தடம் தட்டுப்பட்ட பிறகுதான் பேச்சு தொடங்கும். "படி சரியா இருந்தாத்தாங் கண்ணு வெல பேசறதுல அர்த்தம்" என்பார்.

பின்னாளில் சென்னைக்குப் போனேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் நான் பார்த்த வேலை, இணையதளங்களை எத்தனை பேர் படிக்கிறார்கள், அவற்றில் வரும் விளம்பரங்கள் எத்தனை பேர் கண்ணில் படுகின்றன என்று கணக்கிட்டுச் சொல்வது. கோடிக்கணக்கான எண்கள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. அம்மாயி சாமைப் படியிடம் கேட்ட கேள்வியை அந்த எண்களிடம் நான் கேட்கத் தொடங்கியது மிகத் தாமதமாகத்தான். அந்தக் கேள்வியை இந்த மலையில் நின்று உங்கள் முன் வைக்கவே இன்று வந்திருக்கிறேன்.

எண்ணுவதால் என்ன ஆகிறது?

நீங்கள் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காசு கொடுக்காமல் படிக்கிறீர்கள். அதை எழுதியவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? பெரும்பாலும் பக்கத்தின் நடுவே வரும் விளம்பரம் தருகிறது. அந்த விளம்பரத்துக்கு விலை ஆயிரம் என்ற கணக்கில் பேசப்படுகிறது. ஆயிரம் முறை காட்டினால் இத்தனை ரூபாய். தொழிலில் இதை சிபிஎம் என்பார்கள். ஆகவே எண்ணப்படும் வாசகருக்கு ஒரு விலை உண்டு. எண்ணப்படாத வாசகர், எவ்வளவு ஆழ்ந்து படித்தாலும், அந்தக் கணக்கில் இல்லாதவர். அவருக்காக அடுத்த கட்டுரை எழுத வேண்டும் என்று கணக்குப் புத்தகம் சொல்லாது.

தமிழுக்கே இப்படி ஒரு காலம் இருந்தது. தமிழ் இணையத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் பிறந்தது. ஆனால் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழ்ப் பக்கங்களை முறையாக ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதுவரை தமிழில் எழுதிய ஒருவரின் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினாலும் அந்த வழியில் அவருக்கு ஒரு ரூபாய் வர இடமில்லை. வாசகர்கள் 2018-இல் திடீரென்று பிறந்து வந்துவிடவில்லை. அளக்கும் கை அந்த ஆண்டுதான் அவர்களை எட்டியது. ஐஏஎம்ஏஐ என்ற இணையத் தொழில் சங்கமும் கான்டார் ஆய்வு நிறுவனமும் 2024-ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட அறிக்கை இந்தியாவில் 88.6 கோடிப் பேர் இணையத்தைப் பயன்படுத்துவதாகவும், அவர்களில் 55 விழுக்காட்டினர் கிராமப்புறத்தார் என்றும், 98 விழுக்காட்டினர் இந்திய மொழிகளில் எதையாவது பார்க்கவோ கேட்கவோ படிக்கவோ செய்கிறார்கள் என்றும் சொல்கிறது. கிராமமும் தாய்மொழியுமே இன்றைய இணையத்தின் பெரும்பகுதி. அளவைகளோ பெருநகரத்தையும் ஆங்கிலத்தையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை.

ஓரியின் அம்பும் பக்கத்தின் கணக்கும்

இணையம் தொடங்கிய காலத்தில் மிக எளிய அளவை ஒன்று இருந்தது. தளம் இருக்கும் கணினி, தன்னிடம் வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். அந்தக் குறிப்புக்கு 'ஹிட்' என்று பெயர். ஹிட் இத்தனை லட்சம் என்று தளங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டன.

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் இங்கேதான் அவனுக்கு விழா எடுக்கிறீர்கள். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துச் சென்றதாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அன்றைய வேட்டையைப் பதிவு செய்ய ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? அம்பு ஒன்று என்றா, வீழ்ந்தவை ஐந்து என்றா? இரண்டும் உண்மை. எதை எண்ணினோம் என்று சொல்லாமல் 'ஐந்து' என்று மட்டும் எழுதி வைத்தால், பிறகு படிப்பவர் ஓரி ஐந்து அம்பு எய்தான் என்றே நினைத்துக்கொள்வார்.

ஹிட் கணக்கில் இதுவே நடந்தது. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்கிறார். அதில் பத்துப் படங்கள் இருக்கின்றன. பக்கத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்றாகப் பத்து, ஆகப் பதினொரு ஹிட் பதிவாகும். வந்தவர் ஒருவர், வாசித்தது ஒரு பக்கம். கூடுதலாக இரண்டு படங்களை ஒட்டினால் வாசகர் கூடியதுபோல் எண் உயரும். அதனால்தான் தொழில் மெல்ல மெல்ல 'பேஜ் வியூ' என்ற பக்கப் பார்வைக்கும், அதன்பின் 'யூனிக் யூசர்' என்ற தனிப் பயனர் கணக்குக்கும் நகர்ந்தது.

தனிப் பயனரைக் கண்டறியும் கருவி குக்கீ. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி உருவாக்கியது. தளம் உங்கள் கைப்பேசியில் ஒரு சிறு சீட்டை வைத்துவிட்டுப் போகும். மறுமுறை வரும்போது சீட்டைப் பார்த்து, பழைய ஆள் என்று தெரிந்துகொள்ளும். சீட்டைத் துடைத்துவிட்டால், போனை ரீசெட் செய்தால், வேறு பிரவுசரில் திறந்தால், நீங்கள் புது ஆள். ஆக, அறிக்கையில் 'தனிப் பயனர்' என்று அச்சாகும் சொல் ஆளைக் குறிப்பதே இல்லை. ஒரு கருவியில் ஒரு பிரவுசரில் இருக்கும் ஒரு சீட்டையே அது குறிக்கிறது.

ஒரு போன், ஐந்து பேர்

சில ஆண்டுகளுக்கு முன் இதே மலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மிளகுக் கொடியேறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சிறிய வீடு. வீட்டுக்காரம்மாவிடம், "இந்தப் போனை யார் யாரம்மா பார்ப்பீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாருந்தான் சாமி. காலைல அவுரு மிளகு வெல பாப்பாரு. பசங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பாடம் பாப்பாங்க. நான் சாயங்காலம் குழு மெசேஜ் பாப்பேன். ராத்திரி மாமியாளுக்குச் சாமி பாட்டு வெக்கோணும்."

ஐந்து பேர். என் கருவிக்கு அது ஒரே ஒரு பயனர். அதுவும் மிளகு விலை பார்த்து, எட்டாம் வகுப்பு அறிவியல் படித்து, சுய உதவிக் குழுவில் பேசி, பக்திப் பாட்டும் கேட்கிற ஒற்றை ஆள். இப்படி ஒருவர் உலகத்தில் கிடையாது. ஆனால் விளம்பரம் விற்கும் இயந்திரம் அந்த இல்லாத ஆளுக்கு ஒரு குணமும் வயதும் விருப்பமும் கற்பித்து வைத்திருக்கும். இன்னொரு பக்கம், திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கும் இந்த மலைப் பிள்ளை ஒருவர் கையில் இரண்டு போன் வைத்திருந்தால் அவர் இரண்டு பேர்.

நகரத்தில் இந்தப் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடக் கூடும். மலையில் அப்படி நேராது. இங்கே பகிர்ந்து பார்ப்பது அதிகம், அதிலும் பெண்கள் பிறர் போனில் பார்ப்பது அதிகம் என்பதே நான் கண்டது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. வாழ்நாளில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் இந்திய அளவில் மூன்றில் ஒருவரே என்று அது காட்டியது. வீடு வீடாகப் போய் ஆளைக் கேட்டதால் கிடைத்த தகவல் அது. எந்தக் குக்கீயும் இதைச் சொல்லியிருக்காது. கருவி வந்தவரைப் பற்றி மட்டும் பேசும். வராதவரைப் பற்றிப் பேச அதற்கு வாய் இல்லை.

வந்தும் எண்ணப்படாதவர்களும் உண்டு. பல தளங்களில் எழுத்து முதலில் இறங்கும். எண்ணிக்கை எடுக்கும் சிறு நிரல் பின்னால் வரும். சிக்னல் ஒரு கோடாக நிற்கும் இடத்தில், அந்த நிரல் வந்து சேரும் முன்பே இணைப்பு அறுந்துவிடும். நீங்கள் படித்து முடித்திருப்பீர்கள், கணக்கில் வந்திருக்க மாட்டீர்கள். ஒருவர் கட்டுரையைப் படமாக எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டால் நூறு பேர் படிக்கலாம். தளத்தின் கணக்கில் அந்த நூறு பேருக்கு ஒரு கோடு கூட விழாது.

மலை எங்கே போயிற்று?

எனக்கு மிகுந்த வருத்தம் தந்த அனுபவத்துக்கு வருகிறேன்.

அப்போது ஒரு தமிழ்த் தளத்துக்காக வாசகர் எந்த ஊரார் என்று அறிக்கை தயாரித்தேன். அந்தத் தளத்தில் சிறுதானியம் பற்றி ஒரு பகுதி வந்துகொண்டிருந்தது. சாமை, தினை, வரகு, பனிவரகு ஆகியவற்றின் விதை, விதைப்பு, இயந்திரத்தில் உமி நீக்குவது எனப் பயனுள்ள செய்திகள். மாவட்ட வாரியாகப் பட்டியல் போட்டேன். சென்னையும் கோவையும் மேலே இருந்தன. நாமக்கல் அடியில் கிடந்தது. கொல்லிமலை என்று ஒரு வரி கூட இல்லை. "படிப்பவர்கள் நகரத்தார், அவர்களுக்கு விதைப்பு முறை எதற்கு, சமையல் குறிப்பு போதும்" என்று தளத்தார் முடிவெடுத்து அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். அறிக்கையில் கையெழுத்திட்டவன் நான்.

பிறகு இந்த மலைக்கு வந்தபோது, அந்தப் பகுதியைத் தவறாமல் படித்த விவசாயிகளைச் சந்தித்தேன். "ஏன் நிறுத்திட்டாங்க?" என்று என்னிடமே கேட்டார்கள்.

தவறு நேர்ந்த விதம் இதுதான். இணையத்தில் ஒருவரின் ஊரைப் பெரும்பாலும் ஐபி முகவரியை வைத்து ஊகிக்கிறார்கள். கைப்பேசி இணைப்பில் அந்த முகவரி உங்கள் வீட்டுக்கு உரியது கிடையாது. நிறுவனம் பல பயனர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்து, தொலைதூரப் பெருநகரம் ஒன்றில் இருக்கும் வாயில் வழியாக வெளியே அனுப்புகிறது. கருவி அந்த வாயிலைப் பார்த்துச் 'சென்னை' என்று எழுதிக்கொள்கிறது. மலையில் உட்கார்ந்து சாமை விதைப்பைப் படித்தவர் என் பட்டியலில் சென்னைவாசி ஆகிவிட்டார். அவருடைய வாசிப்பே அவருக்கு எதிரான சான்றாக என் கையில் மாறியது.

இந்த மலையில் சாமையும் தினையும் சுருங்கி மரவள்ளி பரவிய கதை நீங்கள் வாழ்ந்து பார்த்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே உங்களோடு சேர்ந்து பாரம்பரிய விதைகளைக் காக்கப் பாடுபட்டிருக்கிறது. அந்த உழைப்புக்குத் துணையாக இருந்திருக்க வேண்டிய ஒரு சிறு பகுதி, தவறான அளவையால் நின்றுபோனது.

காட்டியதும் கண்டதும்

விளம்பரத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு என்ற அமெரிக்க இணைய இதழில் ஏடி அண்டு டி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வந்தது. இணையப் பட்டை விளம்பரங்களின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். பார்த்தவர்களில் 100-க்கு 44 பேர் அதைச் சொடுக்கினார்கள் என்பது தொழிலில் சொல்லப்படும் கணக்கு. இன்று இத்தகைய விளம்பரங்களில் 100-க்கு ஒருவர் சொடுக்குவதே அரிது.

விளம்பரக் கணக்கின் அலகு 'இம்ப்ரெஷன்', அதாவது ஒரு முறை காட்டப்பட்டது. யாருக்குக் காட்டப்பட்டது? நெடுங்காலம், சர்வர் அனுப்பினாலே காட்டப்பட்டதாக எழுதிக்கொண்டார்கள். பக்கத்தின் அடியில் இருக்கும் விளம்பரம், நீங்கள் கீழே வரவே இல்லை என்றாலும், எண்ணப்பட்டது. இருபது ஆண்டுக்காலம் இப்படி ஓடிய பிறகு, 2014-இல் அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் ஒரு வரையறை தந்தது. விளம்பரத்தின் பரப்பில் பாதியாவது குறைந்தது 1 வினாடி திரையில் தெரிந்திருந்தால் அது 'பார்க்கத்தக்கது'. வீடியோவுக்கு 2 வினாடி. இந்த வரையறையும் பார்க்க வாய்ப்பு இருந்தது என்பதைத்தான் சொல்கிறது. கண் அங்கே போனதா என்று அதற்குத் தெரியாது. ஆனாலும் இதைப் பெரிய முன்னேற்றம் என்றே சொல்வேன். எதை எண்ணுகிறோம் என்று வாய்திறந்து சொன்ன வரையறை அது.

சொல்லாமல் எண்ணினால் என்ன ஆகும்? 2016-இல் பேஸ்புக் தன் வீடியோக் கணக்கில் தவறு இருந்ததை ஒப்புக்கொண்டது. உங்கள் தோட்டத்தை வைத்தே சொல்கிறேன். நூறு பலாமரம் இருக்கிறது. அறுபது மரம் காய்த்து, மொத்தம் அறுநூறு பழம் கிடைத்தது. அறுநூறை நூறால் வகுத்தால் மரத்துக்கு ஆறு. காய்த்த அறுபதால் மட்டும் வகுத்தால் பத்து. பத்து என்ற எண்ணைச் சொல்லி ஒருவரிடம் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டால், அவர் நூறு மரத்துக்கும் பத்து என்றே கணக்குப் போடுவார். பேஸ்புக் செய்தது இதுதான். 3 வினாடிக்கு மேல் பார்த்தவர்களால் மட்டும் வகுத்து, சராசரிப் பார்வை நேரம் என்று வெளியிட்டது. அந்தச் சராசரி 60 முதல் 80 விழுக்காடு வரை கூடுதலாக இருந்திருக்கலாம் என்று ஒரு விளம்பர நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் அந்த எண்ணை நம்பி உலகமெங்கும் பணம் கொட்டப்பட்டிருந்தது.

அதே 2016-இன் இறுதியில் மெத்பாட் மோசடி வெளியே வந்தது. பேர்பெற்ற தளங்களின் பெயரில் போலிப் பக்கங்களை உருவாக்கி, மனிதர்போல் நடிக்கும் நிரல்களை வைத்து வீடியோ விளம்பரங்களைப் 'பார்க்க' வைத்தார்கள். ஒரு நாளைக்கு 30 லட்சம் முதல் 50 லட்சம் டாலர் வரை சுருட்டப்பட்டதாக அதைக் கண்டுபிடித்த வைட் ஆப்ஸ் நிறுவனம் மதிப்பிட்டது. அதன் சூத்திரதாரிக்கு 2021-இல் அமெரிக்க நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அந்தப் பணம் எங்கிருந்து போனது என்று யோசித்துப் பாருங்கள். உண்மையான எழுத்தாளரின், உண்மையான வாசகரின் பங்கு அது. இல்லாத மனிதர்களை எண்ணத் தெரிந்த அதே அமைப்புக்கு, இந்த மலையில் இருக்கும் மனிதர்களை எண்ணத் தெரியவில்லை.

தராசு யார் கையில்?

மரவள்ளி பயிரிடுவோர் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு லோடு போகும்போது விலை எப்படி முடிவாகிறது? மாவுச்சத்தின் 'பாயிண்ட்' பார்த்து. லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்துச் சோதித்து, இத்தனை பாயிண்ட் என்கிறார்கள். அதை அளக்கும் கருவி, கிழங்கை வாங்குகிறவரிடமே இருக்கிறது. பாயிண்டைப் பொதுவான ஒருவர் பார்க்க வேண்டும் என்று சேலம், நாமக்கல் மாவட்ட விவசாயிகள் கேட்பது எதற்காக என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆலைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்பது அதன் பொருளாகாது. ஆதாயம் உள்ளவரின் கையில் மட்டும் அளவை இருக்கக் கூடாது என்பதே அந்தக் கோரிக்கையின் நியாயம்.

இணைய விளம்பரத்தில் பெரும் பகுதி கூகுள், மெட்டா போன்ற சில நிறுவனங்கள் வழியாகப் போகிறது. இடத்தை விற்பவர்களும் அவர்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. செம்மேட்டில் கடை வைத்திருப்பவரின் தராசுக்குக் கூட இந்த நாட்டில் சட்டம் உண்டு. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் எடைக்கல்லையும் படியையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரையிட வேண்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வந்து பார்ப்பார். பல்லாயிரம் கோடி ரூபாய் கைமாறும் இணையக் கணக்குக்கு அத்தகைய முத்திரை ஒன்று இன்றுவரை இல்லை.

பொதுவான அமைப்பு அளந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அச்சு இதழ்களின் விற்பனையைத் தணிக்கை செய்ய 1948 முதலே நம்மிடம் ஏபிசி என்ற அமைப்பு இருக்கிறது. படிப்போர் எண்ணிக்கையைச் சொல்லும் இந்திய வாசகர் ஆய்வு, 2013-க்கான தன் முடிவுகளை 2014 ஜனவரியில் வெளியிட்டபோது பெரும் பத்திரிகை நிறுவனங்கள் பல சேர்ந்து அதை நிராகரித்தன. அவர்கள் காட்டிய முரண்களில் ஒன்று, சென்னையிலிருந்து வெளிவரும் பிசினஸ் லைன் நாளிதழுக்குச் சென்னையைப் போல் மூன்று மடங்கு வாசகர்கள் மணிப்பூரில் இருப்பதாக வந்த கணக்கு. மக்கள் குறைவாக உள்ள இடத்தில் கொஞ்சம் வீடுகளை மட்டும் கேட்டு, விடையைப் பெருக்கிக்கொண்டு போனால் இப்படிப்பட்ட விபரீதங்களுக்கு இடம் உண்டாகும். தொலைக்காட்சியில், கணக்கு எடுக்கப்படும் வீடுகளுக்குப் பணம் கொடுத்துச் சில சேனல்களை ஓட வைத்தார்கள் என்று 2020-இல் குற்றச்சாட்டு எழுந்தது. அந்த அக்டோபரில் செய்திச் சேனல்களின் மதிப்பீட்டை வெளியிடுவதை தொலைக்காட்சிப் பார்வையாளரை அளக்கும் பார்க் அமைப்பு நிறுத்தியது. அது மீண்டும் தொடங்கியது 2022 மார்ச்சில்தான். பொது அமைப்பும் தன் அளவையைத் திறந்து காட்டினால்தான் நம்பிக்கை நிற்கும்.

வாசல்படியின் உயரம்

எண்ணிக்கை அரசின் விதிகளுக்குள்ளும் நுழைகிறது. மத்திய அரசின் விளம்பரங்களைப் பெறும் இணையதளங்களுக்காக 2016-இல் வகுக்கப்பட்ட நெறிமுறைகள், மாதம் 2.5 லட்சம் தனிப் பயனர் என்பதைக் கீழ்வரம்பாக வைத்தன. நகரத்துத் தளத்துக்கு இது சிறிய எண். இந்த மலையின் மக்கள்தொகையோ 2011 கணக்குப்படி ஏறத்தாழ 40 ஆயிரம். கொல்லிமலைக்கென்று, கொல்லிமலை மக்கள் நடத்தும் ஒரு தளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டில் குழந்தை முதல் தொண்ணூறு வயதுப் பாட்டி வரை எல்லோரும் ஆளுக்கொரு போனில் மாதந்தோறும் அதைப் படித்தாலும், அந்த வரம்பில் ஆறில் ஒரு பங்குதான் தேறும். தன் மக்கள் அத்தனை பேரையும் சென்றடைந்த ஒரு தளத்தை அந்த அளவை 'சிறியது' என்றே சொல்லும்.

ஒரு பேச்சு எத்தனை பேரைச் சேர்ந்தது என்பதோடு, சேர வேண்டியவர்களில் எத்தனை பங்கைச் சேர்ந்தது என்றும் கேட்க வேண்டும். மலையில் யாருக்கு எந்தத் திட்டம் உண்டு, மருத்துவ முகாம் என்றைக்கு என்று சொல்லும் அறிவிப்புக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

எண்ணலாம், பின்தொடரக் கூடாது

"அப்படியானால் எங்களை இன்னும் துல்லியமாக எண்ணட்டும், எங்கே இருக்கிறோம், யார் என்றெல்லாம் தெரிந்துகொள்ளட்டும்" என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் நான் உங்களை எச்சரிக்க விரும்புகிறேன். எண்ணப்பட வேண்டும் என்ற உரிமைக்காக, வேவு பார்க்கப்படாமல் வாழும் உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்ந்து கவனிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. அந்தத் திண்ணை வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா பெயரில் உள்ள போனில் எட்டாம் வகுப்புப் பிள்ளை பாடம் படிக்கிறது. இயந்திரத்துக்கு அது நாற்பது வயது மிளகு விவசாயி. சட்டம் தரும் பாதுகாப்பு அந்தப் பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேரும்?

பின்தொடராமலும் எண்ண முடியும். விக்கிமீடியா அறக்கட்டளை 2016 முதல் அதைச் செய்து காட்டுகிறது. மற்றவர்கள் வைக்கும் குக்கீச் சீட்டில் உங்களுக்கென்று ஓர் அடையாள எண் இருக்கும். விக்கிப்பீடியா எண்ணிக்கைக்காக வைக்கும் சீட்டில் நீங்கள் கடைசியாக வந்த தேதி மட்டும் இருக்கிறது. இன்று மறுபடி வந்தால், சீட்டில் இன்றைய தேதி இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் இன்றைக்கு எண்ணியாயிற்று. இல்லையென்றால் ஒன்று கூட்டிக்கொள்கிறது. வாக்குச்சாவடியில் விரலில் வைக்கும் மையைப் போல. வாக்களித்தார் என்று மை சொல்லும். அவர் பெயரைச் சொல்லாது. அதுமட்டுமின்றி, ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை முறை பார்த்தார்கள், அதில் மனிதர் எவ்வளவு, தானியங்கி எவ்வளவு என்பதையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். கொல்லிமலை பற்றிய தமிழ்க் கட்டுரையின் பார்வைக் கணக்கை இந்த அரங்கில் இருக்கும் எந்த மாணவரும் இப்போதே போனில் எடுத்துப் பார்க்கலாம்.

மரக்காலுக்குப் பெயர் உண்டு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை நினைவுபடுத்தி முடிக்க நினைக்கிறேன். ராஜராஜ சோழன் காலத்தில் அந்தக் கோயிலுக்கு வந்த நெல்லும் பொன்னும் மணியும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. நெல் இத்தனை கலம் என்று எழுதுகிறவர், எந்த மரக்காலால் அளந்தது என்பதையும் எழுதுகிறார். ஆடவல்லான் என்னும் மரக்கால். அது ராஜகேசரி என்ற மரக்காலோடு ஒக்கும். பொன்னை நிறுத்த கல்லுக்கும் பெயர் உண்டு, நகைகளை நிறுத்த கல்லுக்கு வேறு பெயர் உண்டு. அளவையின் பெயர் இல்லாத எண்ணை அவர்கள் கல்லில் ஏற்றவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து வருபவரும் அந்த அளவைச் சரிபார்க்க ஒரு பிடி வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

என் வேண்டுகோள் இந்த மரபை இணையத்துக்குக் கொண்டு வாருங்கள் என்பதே. அரசுக்கும் தளங்களுக்கும் விளம்பரம் தருவோருக்கும் சொல்கிறேன்: எண்ணைச் சொல்லும்போது மரக்காலின் பெயரைச் சொல்லுங்கள். சீட்டை எண்ணினீர்களா, ஆளையா? அனுப்பியதையா, திரையில் தெரிந்ததையா? ஊரை ஐபி கொண்டு ஊகித்தீர்களா, கேட்டு எழுதினீர்களா? யாரை உங்கள் கருவியால் எண்ண முடியாது?

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இந்த மலையில் நாடு என்று நீங்கள் அழைக்கும் ஊர்ப் பிரிவுகளில், வளப்பூர் நாட்டிலிருந்து சேலூர் நாடு வரை உங்கள் சொந்த வீடுகள் இருக்கின்றன. நாட்டுக்குச் சில தெருக்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள். வீட்டாரின் சம்மதத்தோடு, பெயர் எழுதாமல், மூன்றே கேள்விகள் கேளுங்கள். இந்த வீட்டில் எத்தனை போன்? அவற்றை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? நேற்று தமிழில் என்ன படித்தீர்கள்? ஒரு போனுக்கு எத்தனை பேர் என்ற அந்த ஒரு விகிதம் கிடைத்தால் போதும். நகரத்து மேசைகளில் இருக்கும் எண்களை இந்த மலைக்குரிய எண்களாகத் திருத்த முதல் கருவி அது. அதை நீங்கள்தான் தர முடியும், ஏனென்றால் கேட்கும் வீட்டுக் கதவு உங்களுக்குத்தான் திறக்கும்.

நான் கையெழுத்திட்ட அந்த அறிக்கையைத் திருத்த இனி வழியில்லை. அட்டவணையின் கீழே நான் எழுதியிருக்க வேண்டிய வரியை மட்டும் இங்கே, உங்கள் முன் சொல்லி அமர்கிறேன்: "இந்தக் கணக்கு இணைப்பின் வாயில் இருக்கும் ஊரைக் காட்டுகிறது, வாசகர் இருக்கும் ஊரை அன்று. மலையிலிருந்து படிப்போர் இதில் சென்னை என்ற பெயரில் இருக்கலாம். முடிவெடுக்கும் முன் நேரில் போய்க் கேட்கவும்."